இறக்கத்தில் நியூட்ரல்

நாற்பத்து மூவாயிரத்து எழுநூறு ரூபாய். சின்னவள் தன் அக்கா புருஷனுக்குக் கொடுக்க வேண்டிய கடன் அது. தெருவில் எல்லோருக்கும் இந்தத் தொகை மனப்பாடம். வாரத்துக்கு ஒரு தடவையாவது அத்தான் அதை யார் காதிலாவது போட்டுவிடுவார். "நம்ம கொழுந்தியா கரண்டு வண்டி ஓட்டுறாளே, அதுல முன்சக்கரம் என்னுது" என்று ஆரம்பிப்பார். கேட்கிறவர் சிரிப்பதற்குள் தொகை வந்துவிடும்.

அத்தானுக்கு வேலை இடத்தில் பெயர் அரை லிட்டர். அவரும் மூன்று சக்கரச் சரக்கு வண்டிதான் ஓட்டினார், பெட்ரோலில். ஒருநாளும் டேங்க்கை நிரப்பியதில்லை. பங்க்கில் போய் நின்று அரை லிட்டர் என்பார். அது தீர்ந்தால் இன்னொரு அரை லிட்டர். வழியில் நின்றுபோனால் யார் வண்டியிலாவது டியூபை விட்டு வாயால் உறிஞ்சி இழுப்பார். வாய்க்குள் போனதைத் துப்பிவிட்டு அதே வாயால் பீடி பற்ற வைப்பார். சின்னவள் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

மூக்கைப் பொத்த வேலையிலேயே வேண்டியது இருந்தது. மேட்டில் லாட்ஜுகள், பள்ளத்தில் சலவை ஆலை. வெளுத்து மடித்த படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் மேலே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அழுக்கு மூட்டைகளைக் கீழே கொண்டுவர வேண்டும். ஈரத் துண்டுகள், யாரோ வாந்தியெடுத்த தலையணை உறைகள், சுருண்டு ஒட்டிக்கொண்ட முடி. பத்து வருஷம் அந்த மூட்டைகளை முதுகில் தூக்கி ஏற்றியவள் சின்னவள். ஏற்றுகிறவளுக்கு வருவது ஓட்டுகிறவனுக்கு வருவதில் கால்வாசிதான் என்று தெரிந்தபிறகு ஓட்டக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொடுத்தது அத்தான்தான். கரண்டு வண்டி வாங்க முன்பணத்துக்கு ஓடியபோது கடன் கொடுத்ததும் அத்தான்தான். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அத்தானின் பாடம் ஒன்றே ஒன்றுதான். ஏறும்போது வண்டிக்காரன் அழணும், இறங்கும்போது சிரிக்கணும். மலை ரோட்டில் இறக்கம் வந்ததும் நியூட்ரலில் போட்டு எஞ்சினை அணைத்துவிடுவார். பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே ஆலை வாசல் வரை சும்மா உருண்டு வருவார். சொட்டுப் பெட்ரோல் செலவில்லை. சின்னவளும் அப்படித்தான் பழகினாள். தன் கரண்டு வண்டியை வாங்கிய பிறகும் இறக்கம் தொடங்கியதும் கட்டைவிரல் தானாக நியூட்ரல் சுவிட்சுக்குப் போய்விடும்.

அந்த மாதம் ஆலை மேனேஜர் இருவரையும் கூப்பிட்டார்.

"ஒரு நடைக்கு முந்நூறு ரூபா குடுக்குறேன். அதுல இவருக்குப் பெட்ரோலுக்கே நூறு போயிடுது. உனக்குக் கரண்டுக்கு இருபது. அப்ப நான் எதுக்கு ரெண்டு வண்டி வச்சுக்கணும்?"

"வச்சுக்கோங்க சார், அழகா இருக்கும்" என்றார் அத்தான்.

மேனேஜர் சிரிக்கவில்லை. "ஒரு வாரம் பார்க்கலாம். காலையில நம்ம பிளக்குலயே ஃபுல் சார்ஜ் போட்டுக்க, கரண்டுக் காச உன் கணக்குல கழிச்சுக்கறேன். ஒரே சார்ஜுல ஆறு நடையும் நீ முடிச்சுட்டா ஆறும் உனக்கு. முடியலைன்னா இப்ப மாதிரியே ஆளுக்கு மூணு. மிச்சம் விழுற நடைய இந்த வாரம் இவர் பார்த்துக்கட்டும்."

"ரேட்டு சார்?" என்றாள் சின்னவள்.

"ரேட்டு அப்புறம் பேசிக்கலாம்."

அதே முந்நூறில் ஆறு நடை கிடைத்தால் கடன் இரண்டே மாதத்தில் முடிந்துவிடும் என்று சின்னவளின் மனசு அங்கேயே கணக்குப் போட்டுவிட்டது. முடிந்தபிறகு அத்தானுக்கு முன்னால் நிமிர்ந்து நடக்கலாம்.

முதல் நாள் ஐந்தாவது ஏற்றத்தில் வண்டி படுத்துவிட்டது. இரண்டாம் நாளும் அதே ஐந்தாவது ஏற்றம். மூன்றாம் நாள் விளக்கு முதற்கொண்டு எதையெதையோ அணைத்துப் பார்த்தாள், ஹாரன்கூட அடிக்காமல் ஓட்டினாள். முந்தின நாள் நின்ற இடத்தைத் தாண்டி இரண்டு முழம் போய் நின்றது, அவ்வளவுதான் வித்தியாசம். மூன்று நாளும் அத்தான் கயிற்றோடு வந்தார்.

"என்ன கொழுந்தியா, ஊர்ல கரண்டு போயிடுச்சா?"

"கட்டி இழுங்க, பேசாதீங்க."

"இழுக்குறேன், இழுக்குறேன். இறக்கத்துல நல்லா நியூட்ரல்ல விடு. கொஞ்சமாவது மிச்சமாகும்."

அக்கறையாகத்தான் சொன்னார். அவளும் நன்றியோடு தலையாட்டினாள்.

நாலாம் நாள் விடிந்ததிலிருந்து மழை. முதல் நடையில் லாட்ஜுகளில் ஏற்றிய அழுக்கு மூட்டைகள் அத்தனையும் ஈரத்தில் ஊறி, வண்டி யானைபோல் கனத்தது. இறக்கத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கனத்தோடு நியூட்ரலில் உருண்டால் பிரேக் வழுக்கி ஆலைக்குப் பதிலாகக் பள்ளத்தாக்கில்தான் போய்ச் சேர வேண்டும். பயத்தில் சுவிட்சைத் தொடாமலே இறங்கினாள். வண்டி தன்னைத் தானே பிடித்துக்கொண்டது. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து நிறுத்துவதுபோல ஓர் இழுப்பு, அடியில் மெலிதான ஒரு முனகல். கீழே வந்து பார்த்தால் மீட்டரில் சார்ஜ் கோடு ஒன்று கூடியிருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். கூடித்தான் இருந்தது. அடுத்த நடையிலும் அப்படியே இறங்கினாள். மறுபடியும் கூடியது. நாலு நடை முடித்தபோது பாதிக்குமேல் சார்ஜ் இருந்தது. வழக்கமாக அந்த நேரத்துக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். ஆறு என்ன, ஏழே ஓடும் போலிருந்தது. அதற்குள் ரோட்டில் மரம் விழுந்து வேலை நின்றுவிட்டது. மேனேஜர் அன்றைய நாளைக் கணக்கில் சேர்க்கவில்லை. நாளைக்கும் மறுநாளும் பார்த்து முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சின்னவள் நனைந்த துணியோடு நேராக அக்கா வீட்டுக்கு ஓடினாள்.

"அக்கா! இறக்கத்துல நியூட்ரல் போடாம விட்டா வண்டி தானே சார்ஜ் ஏத்திக்குதுக்கா! மூட்டை கனக்கக் கனக்க இன்னும் ஏறுது. இத்தனை நாளா முட்டாள் மாதிரி பிரேக்கைத் தேய்ச்சுக்கிட்டு இருந்திருக்கேன்!"

அக்கா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. நிமிரவும் இல்லை. அதுதான் சின்னவளுக்கு உறுத்தியது.

"உனக்குத் தெரியுமாக்கா?"

"எனக்கென்ன வண்டியப் பத்தித் தெரியும்?"

"என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு."

அக்கா கத்தியை வைத்தாள். "வண்டி எடுத்த அன்னிக்கே வண்டிக் கடைக்காரர் இவர்கிட்ட சொன்னாராம்டி. நீ உள்ள கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருந்தியாம். ராத்திரி வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. உன்கிட்ட சொல்ல வேணாம்னாரு. இது எவ்வளவு தூரம் ஓடும்னு தெரிஞ்சா இவர் பொழைப்புல மண்ணுன்னு."

"நீயும் வாயை மூடிக்கிட்டே."

"ரெண்டு புள்ளைங்கடி."

மூன்று நாளும் நடுரோட்டில் நின்றதைவிட, அந்த மனுஷன் கயிற்றைக் கட்டிக்கொண்டே "நியூட்ரல்ல விடு" என்று அக்கறையோடு சொன்னதை நினைத்தபோதுதான் சின்னவளுக்குக் கூசியது. தான் தலையாட்டினாளே, அதை நினைத்தபோது இன்னும் அதிகமாக.

அத்தான் செருப்பை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். இருவர் முகத்தையும் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. வெட்கப்படுவார் என்று பார்த்தால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி. கண்டுபிடிச்சிட்டே. கெட்டிக்காரி."

"தூ! உங்களுக்கு வெட்கமா இல்லையா அத்தான்?"

"வெட்கத்தை டேங்க்ல ஊத்தினா வண்டி ஓடுமா? நான் சொல்றதைக் கேளு. ஆறு நடையும் ஓட்டிக் காட்டிட்டா உனக்கு ரேட்டு என்னன்னு நினைக்குற? நூத்தி எழுபது. மேனேஜர் போன்ல பேசுனதை இந்தக் காதால கேட்டேன்."

"பொய்."

"நாளைக்கு நீயே கேளேன். பொய்யின்னா என் வண்டியக் கொளுத்து. பெட்ரோல் நானே வாங்கித் தர்றேன், அரை லிட்டர்."

மறுநாள் காலை சார்ஜர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சின்னவள் மேனேஜரிடம் கேட்டாள். அவர் மறைக்கவே இல்லை. உபகாரம் செய்கிறவர் மாதிரிப் பேசினார்.

"நூத்தி எழுபது நல்ல ரேட்டும்மா. உனக்குப் பெட்ரோல் இல்ல, ஆயில் இல்ல, எஞ்சின் வேலை இல்ல. கரண்டெல்லாம் ஓசி மாதிரிதானே?"

"கரண்டுல மிச்சமாகுறது எண்பது ரூபா சார். நீங்க குறைக்குறது நூத்தி முப்பது."

"ஆறு நடை வருதுல்ல? மொத்தமாப் பாரு."

மொத்தமாகப் பார்த்தாள். மூன்று நடைக்குத் தொள்ளாயிரம். ஆறு நடைக்கு ஆயிரத்து இருபது. அந்த நூற்றிருபது ரூபாயை மூன்று நடைக்கான கரண்டும் டயரும் தின்றுவிடும். மூன்று நடை அழுக்குத் துணியையும் நாற்றத்தையும் சும்மா சுமக்க வேண்டும். வண்டி மிச்சம் பிடித்த காசில் அவளுக்கென்று ஒரு பைசா இல்லை. அவள் கண்டுபிடித்ததால் லாபம் மேனேஜருக்கு, கண்டுபிடிக்காமல் இருந்ததால் லாபம் அத்தானுக்கு. இரண்டு பேரும் அவள் வண்டியின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து சவாரி செய்துகொண்டிருந்தார்கள்.

ஆலை வாசலில் அத்தான் காத்திருந்தார். "என்ன சொன்னாரு?"

அவள் சுருட்டிய ஒயரை இருக்கைக்கு அடியில் திணித்தாள்.

"இன்னும் ரெண்டே நாள். பழையபடி நியூட்ரல்ல ஓட்டு. அஞ்சாவது ஏத்தத்துல நிக்கட்டும். ஆளுக்கு மூணு நடை, பழைய ரேட்டு. அதுக்கப்புறம் நீ எப்படி இறங்கினாலும் எவன் கேட்கப் போறான்? கடன்ல பாதியத் தள்ளிடுறேன்."

"முழுசும்."

"கொழுந்தியா!"

"முழுசும் தள்ளணும். அக்கா முன்னாடி சொல்லணும். இல்லைன்னா ஆறு நடையும் ஓட்டிட்டு நஷ்டத்தோட போறேன். நீங்க டியூபை வாயில வச்சுக்கிட்டு வேற இடம் தேடுங்க."

அத்தான் அவளை ஏற இறங்கப் பார்த்தார். முதல்தடவையாகக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார். அந்த மரியாதைதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. என் ஜாடை உனக்கும் இருக்கிறது என்று அவர் சொன்னமாதிரி.

"சரி" என்றார்.

அந்த இரண்டு நாளும் அவள் வேண்டுமென்றே நியூட்ரலில் இறங்கினாள். தெரியாமல் செய்தபோது கை தானாகப் போனது. இப்போது ஒவ்வோர் இறக்கத்திலும் விரலைத் தள்ளிக்கொண்டு போய் அமுக்க வேண்டியிருந்தது. பிரேக் தேய்ந்து கருகும் வாடை மூட்டை நாற்றத்தோடு கலந்து மூக்கில் ஏறியது. சக்கரத்திலிருந்து திரும்பி வர வேண்டிய சார்ஜ் சூடாகி ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. நல்ல சோற்றைச் சாக்கடையில் கொட்டுகிறவளைப்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓட்டினாள். கடைசி நாள் ஐந்தாவது ஏற்றத்தில் வண்டி நின்றபோது மேனேஜர் பைக்கில் வந்து பார்த்தார்.

"அவ்வளவுதானா இதோட தெம்பு?"

"அவ்வளவுதான் சார்" என்றாள்.

"விளம்பரத்துல எல்லாம் என்னென்னமோ சொல்றானுங்க. ஏமாத்துக்காரப் பயலுங்க" என்று மேனேஜர் தரையில் காறித் துப்பிவிட்டுப் போனார். ஆளுக்கு மூன்று நடை, முந்நூறு ரூபாய்.

சாயங்காலம் அக்கா வீட்டில் அத்தான் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். வாய் நிறையச் சிரிப்பு.

"ஜெயிச்சிட்டோம் கொழுந்தியா!"

"அக்கா முன்னாடி சொல்லுங்க."

"சொல்லாம என்ன. நாப்பதாயிரத்தைத் தள்ளிட்டேன். அந்த மூவாயிரத்து எழுநூறை மட்டும் மெதுவா…"

"அத்தான்."

"அட, கயிறு கட்டி இழுத்தேனே, என் பெட்ரோல் கணக்கு இருக்குல்ல?"

அடுப்படியிலிருந்த அக்கா ஈரக்கையோடு வந்து நின்றாள். அத்தனை வருஷத்தில் புருஷனை அவள் அப்படிப் பார்த்ததில்லை. தட்டில் செத்த கரப்பான் கிடந்தால் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"முழுசும்னு சொல்லுங்க. இல்லைன்னா நாளைக்கு நானே மேனேஜர்கிட்ட போய் எல்லாத்தையும் சொல்லிட்டு வருவேன்."

"உன் புள்ளைங்க சோத்துல நீயே மண்ணைப் போடுவியா?"

"போடுவேன்."

அத்தான் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். சிரிப்பு வடிந்துவிட்டது. காதுக்குள் விரலை விட்டுக் குடைந்தார்.

"முழுசும்தான். நாற்பத்து மூவாயிரத்து எழுநூறும் போச்சு. எனக்கும் உனக்கும் ஒண்ணுமில்ல. போதுமா?"

"போதும்" என்றாள் சின்னவள்.

சாப்பிட்டுவிட்டுப் போ என்று அக்கா கூப்பிட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தெருக்குழாயில் போய்க் கையைக் கழுவினாள். சோப்பு இல்லாததால் வெகுநேரம் கழுவினாள். கடன் ஒழிந்துவிட்டது. கையை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் குழாயைத் திறந்தாள்.