கொடியில் தொங்கிய பெட்டிகள்

காலை நாலரை மணிக்கு அந்தப் பேருந்துப் பணிமனையில் நாற்பது எஞ்சின்களும் ஒன்றாக உறுமத் தொடங்கும். முதல் வண்டி கிளம்ப இன்னும் அரை மணி நேரம் இருக்கும். ஆனாலும் ஓடவிட்டுத்தான் ஆக வேண்டும். பெரிய வண்டிகளின் பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்வது. இரவெல்லாம் சும்மா நின்ற வண்டியில் அந்தக் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து போயிருக்கும். எஞ்சின் சுழன்றால்தான் தொட்டி மறுபடி நிரம்பும், அழுத்தத்தைக் காட்டும் முள் பச்சைக் கோட்டைத் தொடும். அதுவரை நாற்பது வண்டிகளும் கக்கிய புகை தகரக் கூரைக்கு அடியில் சுற்றிச் சுற்றி வரும்.

எலக்ட்ரீஷியனுக்கு இந்தப் புகை பெரிய தொந்தரவில்லை. அவருடைய மேசை வாசலை ஒட்டி இருந்தது. அவருடைய தங்கை புருஷன்தான் குழியில் வேலை செய்தார். குழி என்றால் ஒரு பேருந்தின் நீளத்துக்கு வெட்டிய பள்ளம். வண்டி மேலே வந்து நிற்கும், மெக்கானிக் கீழே நின்று அதன் வயிற்றைப் பார்ப்பார். புகைக்குழாயும் அந்த மட்டத்தில்தான் இருக்கிறது. உள்ளே இறங்கிய புகைக்கு வெளியேற வழி கிடையாது.

எலக்ட்ரீஷியனைப் பணிமனையில் எல்லோரும் சி.ஐ.டி. என்றே கூப்பிட்டார்கள். டீயில் சர்க்கரை குறைந்தால்கூட அதற்குப் பின்னால் மேனேஜரின் திட்டம் ஒன்று இருப்பதாகச் சொல்பவர் அவர். போன மாதம் வாசலில் கைரேகை மிஷின் வைத்ததிலிருந்து அவருடைய பேச்சுக்கு மவுசு கூடியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு விஞ்ஞானி அம்மா பன்னிரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினார். பணிமனையின் காற்றை அளக்கப்போகிறோம், எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு தாளை நீட்டினார். தாளில் பொடி எழுத்தில் நாலு பக்கம் இருந்தது, யாரும் படிக்கவில்லை. பெட்டியை இடுப்பு பெல்ட்டில் மாட்ட வேண்டும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் தோள்வழியாக ஏறி, சட்டைக் காலரில் ஒரு கிளிப்போடு முடியும். எட்டு நாள் வேலை நேரம் முழுக்க அதைக் கழற்றக்கூடாது. இவ்வளவு சொல்லிவிட்டு, அடுத்த பணிமனைக்கு நேரமாகிவிட்டது என்று அவர் ஓடிவிட்டார். அன்றே அவருக்குக் காத்து மேடம் என்று பெயர் விழுந்தது.

சி.ஐ.டி. அந்தக் கிளிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெட்டிக்குள் ஏதோ 'ங்ங்' என்று ஓடிக்கொண்டிருந்தது.

"டிவியில செய்தி படிக்கிறவங்க சட்டையில இத மாதிரி ஒண்ணப் பாத்திருக்கியா?" என்று குழிக்காரரிடம் கேட்டார். "காத்த அளக்குறதுக்கு காலர்ல எதுக்கு மாப்ள கிளிப்பு? இது மைக்கு. நாம பேசுறதெல்லாம் மேல போகுது."

குழிக்காரர் ஒருமுறை இருமிவிட்டு, அந்த மேடத்திடமே கேட்டுப் பார்க்கலாமே என்றார். திருடனிடம் போய் திருடினாயா என்று கேட்பார்களா என்றார் சி.ஐ.டி.

மறுநாளிலிருந்து, சி.ஐ.டி.யின் பேச்சைக் கேட்டு, பன்னிரண்டு பெட்டிகளும் ஓய்வறைக்குப் பின்னால், பூமரத்தடியில் துணி காயப்போடும் கொடியில், வௌவால்கள் மாதிரி வரிசையாகத் தொங்கின. வேலைக்கு வந்ததும் கொடியில் மாட்டுவார்கள், போகும்போது எடுத்துப் பெல்ட்டில் செருகிக்கொள்வார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஆளாளுக்குப் பெட்டிக்குக் கேட்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவது வழக்கமாயிற்று. நம்ம மேனேஜர் மாதிரி தங்கமான மனுஷன் உண்டா என்பார் பெயிண்டர். போன ஜென்மத்துப் புண்ணியம் என்பார் டிக்கெட் ஆபீஸ் எழுத்தர். எட்டு நாளும் சிரிப்பாகவே கழிந்தது.

ஒன்பதாம் நாள் ஆராய்ச்சி நிலையத்தின் டாக்டர் வந்து எல்லோரையும் ஒரு குழாயில் ஊதச் சொன்னார். மூச்சை நிறைய இழுத்து, முழுப் பலத்தோடு ஊத வேண்டும். முதல் ஒரு வினாடிக்குள் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பதுதான் கணக்கு. நல்ல நுரையீரல் முக்கால் பங்குக்கு மேல் அந்த ஒரு வினாடியிலேயே தள்ளிவிடும். குழிக்காரருக்குப் பாதி வருவதற்கே முகம் சிவந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. குழிக்காரரின் மூச்சுக்குழாய்கள் சுருங்கியிருக்கின்றன. பணிமனைக் காற்று பூங்காக் காற்றைப் போலச் சுத்தமாக இருப்பதால் காரணம் வேலையிடத்தில் இல்லை. பெரும்பாலும் புகைபிடிக்கும் பழக்கமாக இருக்கலாம், உடனே நிறுத்தவும். கூடவே மேனேஜரின் குறிப்பும் இருந்தது. இவர் குழி வேலைக்குத் தகுதியில்லை, மாத முடிவில் நின்றுகொள்ளலாம்.

குழிக்காரர் வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டதில்லை. ஆனால் கடிதத்தைப் படித்த அவர் மனைவி அன்றிலிருந்து சட்டைப் பைகளைத் துழாவ ஆரம்பித்தாள். சட்டையை முகர்ந்தால் புகை நாற்றம் அடிக்கத்தான் செய்தது. அது டீசல் புகை என்று அவர் சொன்னால், அங்கேதான் புகையே இல்லையென்று விஞ்ஞானமே எழுதிக் கொடுத்திருக்கிறதே என்றாள். இருவருக்கும் பேச்சு நின்றது. கடைசியில் அவள் அண்ணனிடம் வந்தாள்.

"ஊர்ல உள்ளவங்களயெல்லாம் துப்பறியுறியேண்ணே, உன் மாப்பிள்ள எங்க ஒளிஞ்சு பிடிக்கிறார்னு கண்டுபிடிச்சுச் சொல்லு. என்கிட்ட பொய் சொல்ற மனுஷனோட நான் எப்படிக் குடும்பம் நடத்துறது?"

 கொடியில் தொங்கிய பெட்டிகளைப் பற்றி சி.ஐ.டி. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வேலை முடிந்ததும் மாப்பிள்ளைக்குத் தெரியாமல் பின்னாலேயே போனார். குழிக்காரர் எந்தக் கடையிலும் நிற்கவில்லை. வீட்டுக்கு மூன்று மாடி ஏற வேண்டும். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் சுவரில் கை ஊன்றி நின்று, வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். கதவருகே போனதும் முகத்தைத் துடைத்து, சாதாரணமாக வருகிறவர் போல முதுகை நிமிர்த்திக்கொண்டு மணியை அழுத்தினார். கீழ்ப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார் சி.ஐ.டி.

அடுத்த நாள் காலை நாலரைக்கு அவர் தானே குழிக்குள் இறங்கினார். எஞ்சின்கள் உறுமின. பத்தாவது நிமிடம் கண் எரிந்தது. இருபதாவது நிமிடம் தாங்க முடியாமல் ஏறி வந்து மூக்கைச் சிந்தினார். கைக்குட்டையில் மை மாதிரி கறுப்பு.

அன்று பத்து மணிக்கு, யாரும் கூப்பிடாமல், காத்து மேடமே வந்துவிட்டார். எல்லோரையும் மேனேஜர் அறையில் கூடச் சொன்னார். முகம் கடுகடுவென்று இருந்தது. முதல் அறிக்கை தூசியின் எடையை மட்டும் பார்த்து எழுதியது என்றும், அதன்பிறகுதான் கிளிப்புக்குள் தூசியைப் பிடிக்கும் தாள்களை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்ததாகவும் சொன்னார்.

"பன்னண்டு பேரோட தாளும் ஒரே எடை. குழிக்குள்ள நிக்கிறவரும் டிக்கெட் ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவரும் ஒரே காத்தயா சுவாசிச்சாங்க? அதோட, தாள்ல கரியே இல்ல. பூவோட மகரந்தம் இருக்கு. இந்த ஷெட்ல எந்த வண்டி பூ பூக்குது?" மேனேஜர் பக்கம் திரும்பினார். "பெட்டிய வேற எடத்துல வைக்கச் சொல்லி யாராவது இவங்கள மிரட்டினாங்களா?"

மேனேஜருக்கு வியர்த்துவிட்டது. தொழிலாளர்கள் தரையைப் பார்த்தார்கள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், பழி மேனேஜர் தலையில் விழுந்துவிடும். சி.ஐ.டி. பத்து வருஷமாக ஆசைப்பட்டது அதுதான். ஆனால் மேனேஜர் மிரட்டினார் என்றால் விசாரணை வரும், அது முடிவதற்குள் மாதம் முடிந்துவிடும். எதிரே குழிக்காரர் வாய்வழியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"யாரும் மிரட்டல மேடம். நான்தான் கொடியில மாட்டச் சொன்னேன். அதுக்குள்ள மைக்கு இருக்குன்னு நெனச்சேன்."

காத்து மேடம் ஒரு பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு பையிலிருந்து ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து அதைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு பேட்டரி, கட்டைவிரல் அளவில் ஒரு பம்ப். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் காற்றை அது இழுக்கும். காலர் கிளிப்புக்குள் நாணய அளவில் ஒரு வெள்ளைத் தாள். காற்று தாளைத் தாண்டிப் போகும், தூசி தங்கிவிடும். முன்னும் பின்னும் எடை போட்டால் எவ்வளவு தூசி என்று தெரிந்துவிடும். அந்தத் தராசு மூச்சுக்காற்று பட்டாலே ஆடிப்போகும் அளவுக்கு நுட்பமானது.

"மூக்குக்குப் போற காத்ததான் பிடிக்கணும். அதனாலதான் காலர்ல மாட்டுறோம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இத முதல் நாளே திறந்து காட்டியிருக்கணும். அஞ்சு நிமிஷ வேலை. செய்யாதது என் தப்பு" என்றார்.

மறுபடி எட்டு நாள். இந்த முறை சி.ஐ.டி. தினமும் ஒவ்வொருவர் காலரையும் தானே சரிபார்த்தார். டிக்கெட் எழுத்தரின் தாள் லேசான சாம்பல் நிறமாக வந்தது, பெயிண்டரின் தாள் அதைவிடக் கறுத்து. குழிக்காரரின் தாள் தோசைக்கல் மாதிரி. வேலையிடப் புகையால் வந்த பாதிப்பு என்று டாக்டர் திருத்தி எழுதிக் கொடுத்தார். வேலைநீக்கம் ரத்தாகி, அவருக்கு வாசலோரம் வேறு வேலை கிடைத்தது. வண்டிகள் திறந்த மைதானத்தில் நின்றுதான் பிரேக்குக்குக் காற்று ஏற்ற வேண்டும் என்று உத்தரவாயிற்று. சுருங்கிய மூச்சுக்குழாய் பழைய நிலைக்கு வராது, இனி மேலும் சுருங்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்றும் டாக்டர் சொன்னார்.

பன்னிரண்டு தாள்களின் படத்தையும் எடுத்துக்கொண்டு சி.ஐ.டி. தங்கை வீட்டுக்குப் போனார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அவள் அந்தக் கறுப்பு வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புருஷன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"நானும் உங்களக் கேக்காம பைய துழாவினேன்" என்றாள் அவரிடம். அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். "சந்தேகம் வர்றது தப்பில்லண்ணே. வந்தா நேரா போய்க் கேக்கணும். அந்தப் பெட்டிக்குக் காது இல்ல, சரி. உனக்கு வாய் இருந்துச்சுல்ல?"