மூன்று பீப்பும் ஒரு வேலிக் குருவியும்

அமெரிக்காவில், கான்சாஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில், ஹ்ருஸ்கா குடும்பத்தாரின் மேய்ச்சல் நிலத்தில் அடிக்கிற காற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெண்டலின் தொப்பியை ஒரு செவ்வாய்க்கிழமை கொண்டுபோன காற்று, வெள்ளிக்கிழமை அதைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டது. உள்ளே வேறு எவனோ ஒருவனின் வியர்வை இருந்தது. வெண்டல் துவைத்துப் போட்டுக்கொண்டார்.

அந்த நிலத்தில்தான் மாதம் ஒரு சனி, ஞாயிறு ராக்கெட் விடுவார்கள். விடுகிறவர்கள் விஞ்ஞானிகள் அல்ல. வெண்டல் பன்றி வளர்ப்பவர். ஒருவர் பல் டாக்டர். ராக்கெட்டுகளை ஏவும் பொத்தானுக்குப் பொறுப்பான ஆர்டித், முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அம்மாள். ராக்கெட்டோ விளையாட்டுச் சாமான் அல்ல. ஆளை விட உயரம், ஒரு மைலுக்கு மேல் போகும், உச்சியில் தானே பாராசூட் குடை விரித்துக்கொண்டு இறங்கும். இறங்க வேண்டும். அந்த 'வேண்டும்'-க்குத்தான் டெல்பர்ட் ஸ்டக்கி இருந்தார்.

டெல்பர்ட்டுக்கு வயது எழுபத்தொன்று. பதினான்கு வருடமாக ஏவுமேடைகளுக்கு அவர்தான் காவல். ராக்கெட்டின் வயிற்றுக்குள் சீட்டுக்கட்டு அளவில் ஒரு கருவி இருக்கும். உச்சியில் குடையை வெளியே தள்ளுவது அதன் வேலை. ராக்கெட்டை மேடையில் நிறுத்திய பிறகுதான் ஒரு சின்னத் திருகைத் திருப்பி அதை எழுப்ப வேண்டும். எழுந்ததும் அது பேசும். மூன்று பீப் அடித்தால் எல்லாம் சரி. இரண்டு என்றால் எங்கோ ஒரு ஒயர் கழன்றிருக்கிறது. சத்தமே இல்லையென்றால் கருவி தூங்குகிறது. ராக்கெட் மேலே போகும், குடை வராது, பதினெட்டு பவுண்டு எடை மூக்கைக் கீழே வைத்துக்கொண்டு ஈட்டியாய் இறங்கும். கீழே நாற்காலி போட்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆகவே ஒவ்வொரு ராக்கெட்டுக்கும் டெல்பர்ட் கூடவே மேடைக்கு நடந்து போவார். ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "எத்தனை?" மூன்று என்ற பதில் வராமல் மேடையை விட்டு ஒருவரையும் நகர விட்டதில்லை.

இதில் ஒரே ஒரு சிக்கல். இரண்டு வருடமாக டெல்பர்ட்டுக்கு உரத்த பேச்சு கேட்கும், அந்த மெல்லிய பீப் கேட்பதில்லை.

டாக்டர் கொடுத்த காது மெஷின் அவருடைய பிக்கப் வண்டியின் முன்பெட்டியில், சூயிங்கம்முக்கும் டயர் காற்று அளக்கும் கருவிக்கும் அடியில் கிடந்தது. அதைப் போட்டுக்கொண்டு வந்தால், காது கேட்காதவனுக்கு மேடையில் என்ன வேலை என்று யாராவது கேட்பார்கள். கேட்டால் பதில் இல்லை. எனவே 'எத்தனை?' என்று கேட்டுவிட்டு, எதிராளியின் உதட்டைப் பார்த்து, தானும் கேட்டது போலத் தலையசைத்து இரண்டு வருடம் ஓட்டிவிட்டார். அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது இது ஒன்றுதான். மேடை போய்விட்டால், அந்த சனி ஞாயிறுகளில் தான் யார் என்று அவருக்கே தெரியாது.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். அந்த நிலத்து வேலிகளில் மஞ்சள் மார்புக் குருவிகள் உண்டு. பதினான்கு வருடம் பீப் கேட்டுக் கேட்டு, அவை தங்கள் பாட்டை மறந்துவிட்டன. குஞ்சுக்குத் தாய்க்குருவி சொல்லித் தருவதே மூன்று பீப்தான். போன வசந்தத்தில் ஒரு குருவி, பேட்டரி தீர்ந்தால் கருவி இழுக்குமே ஒரு நீளச் சத்தம், அதைக் கற்றுக்கொண்டது. அதற்குக் கடைசி வரை ஜோடி கிடைக்கவில்லை.

அன்று சனிக்கிழமை காலையிலேயே வெண்டலின் ராக்கெட்டை டெல்பர்ட் திருப்பி அனுப்பியிருந்தார்.

"எத்தனை?"

"மூணுன்னு வச்சுக்கோயேன்," என்றார் வெண்டல்.

"வச்சுக்கிறதுக்கு இது என்ன பன்னிக்குட்டியா? எத்தனை?"

"ரெண்டு."

"கழட்டு."

"யோவ், ஒரு ஒயருய்யா. உனக்கு இதயமே கிடையாதா?"

"இருக்கு. அதையும் டாக்டர் பாத்துட்டாரு, நல்லாத்தான் ஓடுதாம். கழட்டு."

வெண்டல் ராக்கெட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு, பின்னால் திரும்பி ஏதோ முணுமுணுத்தார். டெல்பர்ட்டுக்குக் கேட்கவில்லை. வசதியாகத்தான் இருந்தது.

பிற்பகலில் டெல்பர்ட்டின் முறை. இன்னும் பெரிய ராக்கெட் விட அனுமதி தரும் இரண்டாம் நிலைச் சான்றுக்கு இது அவருடைய மூன்றாவது முயற்சி. ராக்கெட் போக வேண்டும், குடையில் இறங்க வேண்டும், உடையாமல் அன்றைக்கே ஆர்டித்தின் மேசைக்கு வந்து சேர வேண்டும். முதல் தடவை அழகாக இறங்கியது. இறங்கிய இடம் ஓடுகிற சரக்கு ரயிலின் கோதுமைப் பெட்டி. அன்று மாலை ஆர்டித் மேசையில் காத்திருந்தபோது அது பக்கத்து மாநிலமான நெப்ராஸ்காவில் இருந்தது. இரண்டாம் தடவை குட்டையில் விழுந்தது. இரண்டு தடவையும் அவர் மனைவி லோர்னா சர்க்கரைப் பூச்சில் பெரிதாக '2' என்று எழுதிய கேக்கோடு வந்திருந்தாள். இரண்டு தடவையும் எல்லோரும் அந்த எண்ணைப் பார்க்காமல் கேக்கைத் தின்றார்கள்.

இன்றும் கேக் வந்திருந்தது.

"இதோட சரி," என்றாள் லோர்னா. "நாலாவது கேக் கெடையாது. அடுத்த தடவை ரொட்டியில ஜாம் தடவி எழுதுவேன்."

அந்த வானத்தை நான்கு மணி வரைக்கும்தான் ராக்கெட்டுக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அது விமானங்களுடையது. மூன்றரைக்கு டெல்பர்ட் ராக்கெட்டைத் தூக்கினார். வெண்டல், வாயில் இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருளோடு, சில்லி என்கிற கறிக்குழம்புக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"நான் வரேன். உன்னைக் கேள்வி கேக்கறதுக்கு ஒரு ஆள் வேணாமா?"

"என் ராக்கெட்டுக்கு நானே போதும். நீ தின்னு."

தனியாகப் போய், ராக்கெட்டை நிறுத்தி, திருகைத் திருப்பி, கருவிக்குப் பக்கத்தில் காதை ஒட்டிவைத்துக் காத்திருந்தார். பீப், பீப், பீப். மூன்று. தெளிவாக, கொழுத்த குரலில். டெல்பர்ட்டுக்குக் கண் கலங்கியது. இரண்டு வருடத்தில் முதல் தடவை. டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை, காது திரும்பிவிட்டது என்று நினைத்தார். ராக்கெட்டைப் பற்றவைக்கும் தீத்திரியில் மின்கம்பியின் கிளிப்புகளை மாட்டிவிட்டு, முன்னூறு அடியையும் இளைஞன் மாதிரி நடந்து வந்தார்.

ஆர்டித் மைக்கில் சொன்னார்: "இரண்டாம் நிலைக்கு, டெல்பர்ட் ஸ்டக்கி. எல்லாரும் எழுந்து நில்லுங்க. கையில கிண்ணம் வச்சிருக்கவங்க கீழ வையுங்க. வானத்தைப் பாருங்க. பத்து, ஒன்பது…"

அப்போதுதான் வேலியிலிருந்து ஒரு குருவி பறந்து வந்து மைக்கின் தலையில் உட்கார்ந்தது. ஆர்டித் காலை முழுக்க அதற்கு ரொட்டித் துணுக்கு போட்டுக் கெடுத்து வைத்திருந்தார். அது வாயைத் திறந்தது. நான்கு ஒலிபெருக்கியிலும், நிலம் முழுக்கக் கேட்டது: பீப், பீப், பீப்.

"பாருங்க, இதுவே அனுமதி குடுத்துருச்சு," என்றார் ஆர்டித். எல்லோரும் சிரித்தார்கள். "எட்டு, ஏழு…"

டெல்பர்ட் சிரிக்கவில்லை. அதே குரல். அதே கொழுத்த குரல். ராக்கெட்டைத் தாங்கி நிற்கும் மேடைக் கம்பியின் உச்சியில் ஏதோ மஞ்சளாக அசைந்தது இப்போது அவருக்கு ஞாபகம் வந்தது.

எண்ணிக்கை ஐந்துக்கு வந்திருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டு நின்றால் ஒருவருக்கும் தெரியாது. திருகைத் திருப்பினார், அது நிச்சயம். கருவி எழுந்துமிருக்கலாம். பத்தில் ஒன்பது பங்கு எழுந்துதான் இருக்கும். வாயைத் திறந்தால் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொன்னால் மேடை போய்விடும். நாற்காலி வரிசையில் லோர்னா கேக்குக்கு மேலே துணியைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றாள். பக்கத்தில் பல் டாக்டரின் இரண்டு பெண்கள்.

"மூணு…"

"நிறுத்து," என்றார் டெல்பர்ட்.

கத்தவில்லை. ஆனால் அந்த வார்த்தையை யார் சொன்னாலும், எந்த நொடியில் சொன்னாலும், ஆர்டித்தின் விரல் பொத்தானை விட்டு எழுந்துவிடும். பாலகன் சொன்னாலும் அப்படித்தான். யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆர்டித் ஏவுப்பெட்டியின் சாவியை உருவி டெல்பர்ட்டின் உள்ளங்கையில் வைத்தார்.

"சாவி உன்கிட்ட. இப்போ எவனும் அமுக்க முடியாது. என்னப்பா விஷயம்?"

மைக் திறந்தே இருந்தது. குருவி கூட நகரவில்லை.

"எனக்குக் காது கேக்கல, ஆர்டித்," என்றார் டெல்பர்ட். "ரெண்டு வருஷமா. அங்க பேசினது கருவியா குருவியான்னு எனக்குத் தெரியல."

காற்று கூட ஒரு நிமிடம் வேறு மாவட்டத்தில் வேலை பார்த்தது.

"அதுவா," என்றார் ஆர்டித். "நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்."

டெல்பர்ட்டுக்குப் புரியவில்லை.

"யோவ், ரெண்டு வருஷமா உன் பின்னாடியே யாராவது ஒருத்தர் மேடைக்கு வராங்களே, நீ ரொம்ப அழகுன்னா வராங்க?" என்றார் வெண்டல். "ஒரு நாளு ஆர்டித் போட்டோ எடுக்க வருவாங்க. ஒரு நாளு பல் டாக்டர் ஷூ லேஸ் கட்ட வருவாரு. அந்த ஆளு போடறது லேஸே இல்லாத பூட்ஸு. நீ கேள்வி கேப்ப, நாங்க காது குடுப்போம். இன்னைக்குத்தான் ராஜா மாதிரி தனியாப் போயிட்ட."

"எல்லாருக்குமா தெரியும்?"

"எனக்குத் தெரியாது," என்றாள் லோர்னா நாற்காலிப் பக்கமிருந்து. "நீ என் பேச்சக் கேக்கறதில்லைன்னுதான் நெனச்சுட்டிருந்தேன். அது நாப்பது வருஷப் பழக்கம் ஆச்சே."

ஆர்டித் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நாற்பத்தாறு. வெண்டல் அதற்குள் டெல்பர்ட்டின் பிக்கப்பைத் திறந்து, சூயிங்கம்மை ஒதுக்கி, டயர் கருவியை ஒதுக்கி, காது மெஷினோடு வந்துவிட்டார். எங்கே இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

டெல்பர்ட் அதை மாட்டிக்கொண்டார். இரண்டு வருடம் கதவுக்கு வெளியே நின்றிருந்த சத்தமெல்லாம் ஒன்றாய் உள்ளே வந்தது. கோதுமை உரசியது. கொடி படபடத்தது. வெண்டல் மூச்சு விடுவது, மேடேறுகிற பழைய டிராக்டர் மாதிரி இருந்தது.

"நீ எப்பவுமே இப்படித்தான் மூச்சு விடுவியா?"

"நடய்யா, மணி ஆகுது."

மேடையில் டெல்பர்ட், முறைப்படி முதலில் தீத்திரியின் கிளிப்புகளைக் கழற்றினார். பிறகு ராக்கெட்டின் வயிற்றில் காதை வைத்தார். ஒன்றுமில்லை. திருகு முக்கால் வழியிலேயே நின்றிருந்தது. கருவி பச்சைக் குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஒரு மைல் மேலே இருந்து ஈட்டி எங்கே இறங்கியிருக்கும் என்று இருவருமே நாற்காலி வரிசையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்கள்.

டெல்பர்ட் திருகை முழுதும் திருப்பினார். சிறிய, ஒல்லியான, கொசு மாதிரி ஒரு குரல்.

வெண்டல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். பதினான்கு வருடமாகக் காத்திருந்த கேள்வி. "எத்தனை?"

"மூணு," என்றார் டெல்பர்ட். "மூணுய்யா."

"மூணுன்னு வச்சுக்கலாமா?"

"உன்னைக் கொன்னுருவேன்."

மூன்று ஐம்பத்தாறுக்கு ராக்கெட் போனது. போனபின்தான் சத்தம் வந்தது; டெல்பர்ட்டுக்கு அந்தச் சத்தம் முதுகெலும்பு வரை கேட்டது. உச்சியில் புள்ளியாய் நின்று கவிழ்ந்தபோது, வழக்கம்போல அத்தனை பேரும் கையை நீட்டி அதைச் சுட்டினார்கள். புள்ளியைத் தவறவிட்டவன் பக்கத்து விரலைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்காக. முப்பது விரல். அந்த முப்பது விரலின் முனையில் ஆரஞ்சு நிறக் குடை விரிந்தது.

ராக்கெட் ஹ்ருஸ்காவின் மாட்டு மந்தைக்கு நடுவே இறங்கியது. போய்ச் சேர்வதற்குள் ஒரு பசு அதன் ஒரு பக்கச் சிவப்புச் சாயத்தை முழுக்க நக்கித் தீர்த்திருந்தது. ஆர்டித் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலும் கீழும் பார்த்து, சான்றுத் தாளில் சேதம் என்ற இடத்தில் 'இல்லை. நாக்குத் தடம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பசு அடுத்த மூன்று மாதம் இளஞ்சிவப்பாகப் பால் கறந்தது. ஹ்ருஸ்கா அதைக் கொஞ்சம் கூடுதல் விலைக்கு விற்றார்.

கேக்கைத் தின்னும்போது இந்த முறை எல்லோரும் எண்ணைப் பார்த்தார்கள். டெல்பர்ட் மட்டும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆர்டித் பக்கத்தில் போய் நின்றார்.

"மேடைக்கு வேற யாரைப் போடப் போற?"

"தன் ராக்கெட்டையே மூணுல நிறுத்தினவன விட்டுட்டு வேற யாரைப் போடறது?" என்றார் ஆர்டித். "காதுல மெஷினோட வா. மறந்துட்டு வந்தா, பல் டாக்டர் ஷூ லேஸ் கட்ட வருவாரு. கேக்கைத் தின்னு."

மறுநாள் காலை முதல் ராக்கெட் வெண்டலுடையது. ஒயரை ராத்திரியே சரி செய்திருந்தார். திருகைத் திருப்பிவிட்டு மிடுக்காக நின்றார்.

"எத்தனை?" என்றார் டெல்பர்ட்.

"மூணு."

டெல்பர்ட் தலையைச் சாய்த்துக் கேட்டார். கம்பியின் உச்சியை அண்ணாந்து பார்த்தார்.

"ஆறு," என்றார். "மூணு உன்னோடது. மூணு மேல உக்காந்திருக்கவனோடது. கிளிப்பை மாட்டு."

வெண்டல் கிளிப்பை மாட்டிவிட்டுத் திரும்பி நடக்கும்போது, பழக்கத்தில் ஏதோ முணுமுணுத்தார்.

"அது கேட்டுச்சு," என்றார் டெல்பர்ட்.