பதில் கேட்காத மணி

அலுவலகத்தில் அவளுக்கு மின்னல் என்று பட்டப்பெயர். அவர்கள் மென்பொருள் ஓடும் மருத்துவமனையில் நோயாளி பொத்தானை அழுத்தினால், செய்தி நாலைந்து சர்வர்களைத் தாண்டிப் போய் நர்ஸ் மேசைக் கருவியில் மணியாக ஒலிக்க வேண்டும். அதைக் கண்மூடித் திறப்பதற்குள் நடக்கவைத்தவள் அவள். பெரிய வித்தையெல்லாம் இல்லை. முன்பு மேசைக் கருவி ஒவ்வொரு செய்திக்கும் 'வந்தது' என்று பதில் சொல்லும். சொல்லாவிட்டால் சர்வர் மறுபடி அனுப்பும். அந்தப் பதிலுக்குக் காத்திருப்பதுதான் தாமதம் என்று அதையே எடுத்துவிட்டாள். மேலாளர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்.

அந்த மருத்துவமனையில்தான் அவள் அக்கா நர்ஸ். போன வாரம் அக்காவின் வார்டில் ஒரு பெரியவர் தானாகக் கழிப்பறைக்குப் போக எழுந்து, விழுந்து, இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அவர் திரும்பத் திரும்ப மணி அடித்ததாகக் கணினித் திரை காட்டியது. எல்லாவற்றுக்கும் எதிரே 'அனுப்பப்பட்டது'. அக்காவைக் கூண்டில் ஏற்றாத குறைதான். கேட்கவே இல்லை என்று சாதித்தவள், நாலு பேர் நாலு விதமாகக் குடைந்ததில், கேட்டும் கவனிக்காமல் இருந்துவிட்டோமோ என்று தன் காதையே சந்தேகிக்க ஆரம்பித்தாள். வேலை போய்விடும் போலிருக்கிறது என்று தங்கையிடம் போனில் அழுதாள்.

மின்னல் உடனே கணினியைத் திறந்தாள். அனுப்பியது என்றால் அனுப்பியது, அவ்வளவுதான். போய்ச் சேர்ந்தது என்று அர்த்தமில்லை. தேடிப் பார்த்தாள். அந்த நேரம் மேசைக் கருவி புது மென்பொருளுக்காக அணைந்து எழுந்துகொண்டிருந்தது. பெரியவர் கூப்பிட்டதெல்லாம் வாங்க ஆளில்லாமல் காற்றோடு போயிருந்தது. மேலாளரிடம் சொன்னாள். சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டு வாயை மூடிக்கொண்டிரு என்றார். அவள் நடந்ததை மருத்துவமனைக்கு எழுதி அனுப்பிவிட்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். வீராப்பெல்லாம் இல்லை, சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். இவள் மென்று விழுங்கி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அக்கா திட்டுவாள், இல்லையென்றால் அப்பாடா என்று அழுவாள் என்று நினைத்திருந்தாள். இரண்டும் நடக்கவில்லை.

"அப்போ மணி அடிக்கவே இல்லையா?"

"இல்லக்கா. உன்மேல தப்பே இல்ல. எல்லாம் என்னாலதான்."

அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"நேத்து அந்தப் பெரியவரைப் பாக்கப் போனேன். மணி கேக்கலையாம்மான்னு கேட்டார். எல்லாரும் சொல்றாங்களேன்னு, கேட்டுச்சுங்க, மன்னிச்சிடுங்கன்னு சொல்லிட்டேன். முகத்தைத் திருப்பிக்கிட்டார். இன்னைக்குக் காலையில இறந்துட்டாருடி."