துளைகளுக்கு வலப்பக்கம்

...இன்னும் போகவில்லை, ஈரமாக இருக்கும்போது போன மாதிரி தெரிகிறது, துணியால் துடைத்தால் மறுபடி வந்துவிடுகிறது, விரல் விடும் துளைகளுக்கு இடப்பக்கமாக வளையம் வளையமாக அந்தக் கோடுகள், பவுலிங் பந்து உருண்டு உருண்டு விழுந்த தடம். குளியலறைத் தரையில் பழைய துண்டை விரித்து, அதன்மேல் பிளாஸ்டிக் கிண்ணத்தில் பந்தை உட்கார வைத்திருக்கிறேன், குளிப்பாட்டத் தயாராக இருக்கும் மொட்டைத் தலை மாதிரி. உப்புத்தாளை நனைத்து வட்டமாகத் தேய்க்க வேண்டும், ஒரு பக்கம் முடிந்ததும் திருப்பி வைத்து அடுத்த பக்கம், ஓரிடத்திலேயே அழுத்தினால் பள்ளம் விழுந்துவிடும். சொரசொரப்பான தாளில் ஆரம்பித்து நைசான தாளுக்கு வந்து, கடைசியில் பாலிஷ். பவுலிங் கடையில் இதற்கு மெஷின் இருக்கிறது. என் மனைவியோடு கிளப்பில் ஆடிய பல் டாக்டர் போனில் அதைத்தான் சொன்னார். "உங்களுக்கு எதுக்குத் தம்பி சிரமம், அப்படியே குடுங்க, மெஷின்ல போட்டா பளபளன்னு வந்துடும்." இல்லை, நானே தேய்த்துத் தருகிறேன் என்றேன். கிளப்பின் கண்ணாடி அலமாரியில் வைக்கப்போகிறாராம், கீழே அவள் பெயர் போட்டு, நினைவாக. சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வார். எடுத்துக்கொள்ளட்டும், தடத்தோடு கிடைக்காது. சனிக்கிழமை தோறும் அவள் அவரோடு ஆடிய ஆட்டம் முழுக்க இதில்தான் இருக்கிறது, அதை அலமாரியில் வைத்து அவர் தினம் பார்க்க வேண்டுமா... நீரில் கறுப்பாகக் கரைந்து போகிறது, போகட்டும்.

ஜோடி. அந்தக் கிளப்பில் அப்படித்தான் சொல்வார்கள், "டாக்டரும் அவர் ஜோடியும்", போட்டிப் பலகையில்கூட அப்படித்தான் எழுதியிருக்கும். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அவளுக்கு ஒரு ஜோடி இருந்தார், நான் பிறகு வந்தவன். இரவு சாப்பிடும்போது என்னிடம் கேஸ் சிலிண்டர் தீர்ந்ததைச் சொல்வாள், மாடி வீட்டுக்காரர் சண்டையைச் சொல்வாள், அவருக்குப் போன் செய்தால் மட்டும் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வரும், வயிற்றிலிருந்து. அந்தச் சிரிப்பை எனக்கென்று ஒரு தடவை... சரி, விடு. ஒரே ஒரு நாள் ஆட்டம் பார்க்கப் போனேன், பந்தை உருட்டி எதிர்க்கோடியில் நிற்கும் பத்துப் பின்களைச் சாய்க்கும் ஆட்டம். பல் டாக்டர் இடது கைக்காரர். தன் பந்தையும் அவள் பந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். "பாத்தீங்களா தம்பி, அவ வலது கை, அதனால கோடு துளைக்கு இடப்பக்கம். எனக்கு வலப்பக்கம். கண்ணாடில பாக்கற மாதிரி இல்ல?" அவ என்றார், அவங்க என்று சொல்ல வாய் வரவில்லை. நானும் சிரித்தேன், சிரிக்காமல் என்ன செய்வது. அதற்கப்புறம் போகவில்லை. சனிக்கிழமைகளில் வேலை வைத்துக்கொண்டேன், அவளும் ஏன் வரவில்லை என்று கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். ஒருமுறை வீட்டில் நான் பந்தைத் தூக்கியபோது பதறிக்கொண்டு வந்து பிடுங்கினாள். "விரல் மாட்டிக்கும். அப்புறம் பந்தோட ஆபீஸ் போக வேண்டியதுதான்." என் விரல் மாட்டிக்கொள்ளுமாம். அந்தாள் கையைப் பார்த்திருக்கிறேன், சீப்பு வாழைப்பழம், அதை எப்படித்தான் அடுத்தவர் வாய்க்குள் விடுகிறாரோ.

"மாமா, தேய்ச்சுத் தேய்ச்சுக் கோலிக்குண்டா ஆக்கிடாதீங்க." மச்சினி, வாசற்படியில், கையில் அக்காவின் புடவை மடிப்பு. அலமாரியைக் காலி செய்ய வந்திருக்கிறாள், காலையிலிருந்து அழுது அழுது மூக்கு தக்காளியாகிவிட்டது, ஆனாலும் வாய் மட்டும் அக்காவின் வாய். "காபி ஆறுது. நீங்களும்தான்." எழுந்துவிடுவேன் என்றேன். போய்விட்டாள். இடப்பக்கத் தடம் இப்போது ஏறக்குறைய இல்லை, விரலால் தடவினால் மழமழவென்று இருக்கிறது. சந்தோஷமாக இருக்க வேண்டும். இருக்கிறதா? எதுவும் இல்லை, முழங்கால் மரத்துப்போயிருக்கிறது, அவ்வளவுதான். அவளும் அப்படித்தான் சொன்னாள், மரத்துப்போகிறது என்று, வலது கை. எப்போதிலிருந்து என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், "இப்பத்தான், ஒரு வாரமா," என்றாள். தலைக்குள் இருந்த கட்டி ஒரு வாரத்தில் வளர்ந்ததாக இல்லை. மருத்துவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

பந்தைத் திருப்பி வைத்தேன், அடுத்த பக்கம், துடைத்தேன், ஜன்னல் வெளிச்சத்தில்... இது என்ன? துளைகளுக்கு வலப்பக்கம். மெல்லிய வளையங்கள், அதிகமில்லை, முடியால் இழுத்த மாதிரி, ஆனால் தடம்தான். வலப்பக்கம் என்றால் இடது கை. உடம்பெல்லாம் ஒரு நொடியில் சுட்டது. அவள் இறந்தபோதுகூட இப்படிச் சுடவில்லை. என்னைத் தொட விடாத பந்தை அவர் உருட்டியிருக்கிறார், ஒரு தடவை இல்லை, தடம் விழும் வரைக்கும், அவள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள், வயிற்றிலிருந்து சிரித்திருக்கிறாள். சொரசொரப்புத் தாளையே மறுபடி எடுத்தேன். எடுத்தவன் என்ன நினைத்தோ கட்டைவிரலைத் துளைக்குள் விட்டுப் பார்த்தேன், நகத்துக்கு மேல் போகவில்லை, அழுத்தினேன், போகவில்லை. அவள் கைக்கென்று குடைந்த துளை. என் விரலே போகாத இடத்தில் அந்த வாழைப்பழம் எப்படிப் போகும்? போகாது. அப்படியென்றால் இடது கையால் போட்டது... பல் துலக்கினாள். ஆமாம், இடது கையால் பல் துலக்கினாள், சட்டையெல்லாம் நுரை, "புதுசா கத்துக்கறேன், மூளைக்கு நல்லதாம்," என்றாள், நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அது எந்த மாதம்? மழை இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது வெயில். இடது கையால் எறியக் கற்றுக்கொண்டிருக்கிறாள், வலது கை போய்க்கொண்டிருக்கும்போதே, இடது கைக்காரரிடம். அவருக்குத் தெரிந்திருக்கிறது. கையை அவர் தொட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, கை போகிறது என்று அவரிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் ஒரு வாரம் என்றாள்.

"மாமா, டாக்டர் வந்திருக்கார்." அவரே குளியலறை வாசல்வரை வந்துவிட்டார், பந்தைத்தான் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. குனிந்து தூக்கி, ஜன்னல் பக்கம் சாய்த்து, நேரே அந்த இடத்துக்குத்தான் போனது அவர் கட்டைவிரல், துளைகளுக்கு வலப்பக்கம். "இதை மட்டும் விட்டுட்டீங்களா?" "ஆமா." "இது அவ இடது கையில போட்டது தம்பி. பாவம், மணிக்கட்டு சுளுக்கிக்கிச்சுன்னு மழைக்காலம் முழுக்க இடது கையிலயேதான் ஆடினா. ஒரு பின்கூட விழாது. விழுந்து விழுந்து சிரிப்பா." சுளுக்கு. நான் துணியை நீரில் நனைத்துப் பிழிந்தேன், பிழிந்ததையே திரும்பவும் பிழிந்தேன். "சுளுக்கு இல்ல," என்றேன், "அப்பவே கை மரத்துப்போக ஆரம்பிச்சிருச்சு. எனக்குத் தெரியும். முதல்ல என்கிட்டதான் சொன்னா." எங்கிருந்து வந்தது தெரியவில்லை, குரல் நன்றாகவே இருந்தது. அவர் பந்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே ஈரப் படியில் உட்கார்ந்துவிட்டார், பேன்ட் நனைவதைக்கூடக் கவனிக்கவில்லை. "உங்ககிட்ட சொன்னாளா," என்றார், "அப்போ என்கிட்ட மட்டும் ஏன் சுளுக்குன்னு..." உதட்டோரம் ஒரு பக்கமாக இழுத்தது. அந்த முகம் எனக்குத் தெரியும், சனிக்கிழமை தோறும் இதே குழாய்க்கு மேலே உள்ள கண்ணாடியில் பார்த்ததுதான். இல்லை, பொய் சொன்னேன் என்று சொல்லிவிடலாம், ஒரு வார்த்தைதான், மச்சினி கதவுக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சுவது கேட்டது, தங்கையிடமாவது சொல்லியிருப்பாளோ... அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை. குழாயிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டேயிருந்தது, நானும் மூடவில்லை, அவரும் மூடவில்லை, அவர் விரல் அந்தக் கோடுகளின் மேலேயே இருந்தது. என்னிடமும் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை, மழைக்காலம் முழுக்க, ஒரு பின்கூட விழாமல், அப்படி எதைப் பார்த்து அவள் சிரித்தாள்...