வடிகட்டிய ஓடை

பூமாலைக்கு மனு எழுதிக் கொடுத்தது நான்தான். திண்டிவனம் தாலுகா ஆபீஸ் வாசலில் பத்து வருஷமாக மனு எழுதுகிறேன். "தோல் கம்பெனிக் கழிவு கலந்து எங்கள் ஓடையில் மீன்கள் சாகின்றன" என்பதைவிடத் தெளிவாக ஒரு வரியை நான் எழுதியதே இல்லை. பூமாலைக்கு நிலம் கிடையாது. ஓடையில் மூங்கில் பறி போட்டுக் கெளுத்தி, குரவை மீன்களைப் பிடித்து விற்றுத்தான் மூன்று பெண் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு வந்தாள்.

ஆறு மாதம் கழித்து, எண்பத்தேழு மாசியில், விழுப்புரத்திலிருந்து தண்ணீர் பரிசோதிக்கும் அதிகாரி சுமதிகுமார் வந்தார். செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம். எறும்பு ஊர்ந்தால் சுற்றிக்கொண்டு போகிறவர். நல்ல மனுஷர்தான், அதுதான் வினை.

ஓடைக்கரையில் எங்கள் முன்னாலேயே பையிலிருந்து சீசாவை எடுத்தார். கூடவே ஒரு வெள்ளைத் துணியையும் எடுத்து, இரண்டாக மடித்துச் சீசா வாயில் போட்டு, ஓடைத் தண்ணீரை மொண்டு ஊற்றினார்.

"இன்னா சார், வடிகட்டிக்கினு கீறீங்க?" என்றாள் பூமாலை.

"கைப்பழக்கம்மா. எங்க வூட்ல வடிகட்டாம தண்ணியே எடுக்க மாட்டோம். ஒரு புழு பூச்சி செத்துடக் கூடாது பாரு. துணியில தங்குனத மறுபடி தண்ணியிலயே வுட்டுடணும்."

துணியில் கருப்புக் கசடு மட்டும்தான் ஒட்டியிருந்தது. அவர் பழக்கத்தை விடவில்லை. துணியைத் திருப்பி ஓடையிலேயே அலசினார். கசடு ஓடைக்குப் போயிற்று, தெளிந்த தண்ணீர் சீசாவில் நின்றது.

"பாரு, ஒரு பூச்சிகூட இல்ல. சுத்தமான தண்ணி!"

"முன்னெல்லாம் முந்தானைய வுட்டு எடுத்தா அதுல நூறு பூச்சி துள்ளும் சார். அதத் தின்னத்தான மீனே வரும்? பூச்சியே பொழைக்காத தண்ணிய சுத்தம்ன்றீங்களே! அப்படின்னா அந்த சீசாவுல ஒரு வாய் குடிச்சிக் காட்டுங்க."

சுமதிகுமார் அவசரமாக மூடியைத் திருகினார். "இது கவர்மெண்ட் தண்ணிம்மா, குடிக்கக் கூடாது."

ஒரு மாதத்தில் பதில் வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். 'மாதிரி நீர் தெளிவாக உள்ளது. ஆய்வின்போது ஓடையில் மீன்கள் எதுவும் தென்படவில்லை. எனவே மீன்கள் சாவதாகக் கூறும் புகாருக்கு முகாந்திரம் இல்லை.'

"செத்ததுங்கள எடுத்து வெச்சிருக்கணுமா அய்யா? நாத்தம் தாங்காம நாந்தான் பொதைச்சிட்டேன்" என்றாள் பூமாலை. தப்பு தன்னுடையது என்றே நினைத்துவிட்டாள்.

இன்னொரு மனு எழுதலாம் என்றேன். வேண்டாம் என்று பறியை உடைத்து அடுப்பில் வைத்தாள். மறுவாரம் அதே தோல் கம்பெனியில் தொட்டி கழுவும் வேலைக்குப் போய்விட்டாள். அவள் கழுவி விடுகிற தண்ணீர் இப்போது ஓடைக்குத்தான் வருகிறது.