வெள்ளைக் கோட்டு

வியாழக்கிழமை மதியம் பன்னிரண்டேகாலுக்கு ராஜசேகர் ரஷ்யாவிலிருந்து கூப்பிட்டான். சூர்யகலா திண்டிவனத்தில் தான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடை வாசலில் நின்று பேசினாள். ஏரிக்கரை ஏழு கன்னிமார் கதையை அம்மா எப்படிச் சொல்வாள், கடைசிக் கன்னி தண்ணீரை விட்டு வெளியே வந்தாளா இல்லையா என்று கேட்டான். அங்கேயும் ஆற்றுக்குள் அப்படிப் பெண்கள் உண்டாம். இரண்டையும் சேர்த்து எழுதப் போகிறானாம். அம்மாவைச் சொல்லவைத்து ஞாயிற்றுக்கிழமை அனுப்புவதாகச் சொன்னாள்.

"கிளாசுக்கு நேரமாச்சுக்கா, வெச்சிடறேன்" என்றான் தம்பி.

சனிக்கிழமை, பனி உறைந்த சாலையில் வழுக்கி வந்த லாரி அவனை அடித்துப்போட்டது. பதினாறு நாள் கழித்துப் பெட்டி வந்தது. திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

பெட்டிக்கு முன்பே தெருமுனைக்கு பேனர் வந்துவிட்டது. தாய்மாமன் தட்சிணாமூர்த்தி விழுப்புரத்தில் அடித்துக் கொண்டுவந்தது. 'டாக்டர் ராஜசேகர்' என்று முழ நீள எழுத்து. கீழே தம்பியின் முகம். கழுத்துக்குக் கீழே யாரோ ஒருவனுடைய உடம்பு, வெள்ளைக் கோட்டும் ஸ்டெதாஸ்கோப்புமாக.

சூர்யகலாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ரஷ்ய மொழி, நாட்டார் கதை, இலக்கியம். இதுதான் அவன் படிப்பு. ரஷ்யா போகிற பிள்ளை டாக்டருக்குத்தான் போவான் என்று தெரு தானாக முடிவு கட்டியது, அப்பா மறுக்கவில்லை. மூன்று வருஷமாக யாருக்குச் சர்க்கரை ஏறினாலும், மகனைக் கேட்டுச் சொல்வதாகத் தலையாட்டினார். மாமாவுக்கோ உண்மை தெரியும். வழியனுப்பும்போதே, கதை படிக்க ரஷ்யா போவணுமாடா, நம்ம ஊரு கூத்து பத்தாதா என்று சிரித்தவர். அதையும் எழுதிக்கினுதான் போறேன் என்று தம்பியும் சிரித்தான்.

பேனரை அவிழ்க்கச் சொன்னாள்.

"செத்தவனுக்கு ஒரு மரியாதை கலா. டாக்டர்னு போட்டா என்னா கொறஞ்சு போச்சு?" என்றார் மாமா.

"என் தம்பி கொறஞ்சு போயிட்டான் மாமா. பெட்டியிலயும் அவன் ஒடம்ப காட்டல. இங்க எவன் ஒடம்பையோ மாட்டிக்கினு நிக்கிறீங்க."

வந்திருந்த ஐம்பது பேரில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. காய் நறுக்கும் கத்தியோடு பிளாஸ்டிக் நாற்காலி மேல் அவளே ஏறினாள். அப்பா வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கோசரமாவது அத்த உட்டு வையேம்மா" என்றார்.

அவர் அவளிடம் கெஞ்சிக் கேட்டது அது ஒன்றுதான்.

"முடியாதுப்பா."

கயிறு அறுந்து, பேனர் அவர் தோளில் சரிந்து விழுந்தது. அப்போதும் அவர் நாற்காலியை விடவில்லை.

காரியம் முடியும்வரை, வந்தவர்களிடமெல்லாம் அவளே சொன்னாள்: அவன் டாக்டருக்குப் படிக்கவில்லை, கதை படித்தான். சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். அவர்களுக்கு இன்னொரு தரம் சொன்னாள்.

அவன் எழுதி அனுப்பிய டைம்டேபிள் பீரோ கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது. வியாழன், காலை பத்து: நாட்டார் கதை. இங்கே அப்போது மணி பன்னிரண்டரை.