வாசலுக்கு ஆறடி முன்னால்

“கான்கிரீட் எண்பது கன அடின்னு என் கையால எழுதிக் கொடுத்தேன் சார்! அதை நாப்பது ஆக்கினது யாரு?”

“நான்தான்யா ஆக்கினேன்! சாய்தளம்னா பக்கவாட்டுல முக்கோணம். முக்கோணத்துக்குப் பாதி எடுக்கணும்னு உனக்கு எவன் சொல்லித் தருவான்?”

கொத்தனாரும் கணக்கு வாத்தியாரும் போட்ட சத்தத்தில் தெருவில் பாதிப் பேர் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டு வந்தார்கள். மீதிப் பேர் தேய்த்துக்கொண்டே வந்தார்கள். ஜன்னலுக்குள்ளே சக்கர நாற்காலியில் வாத்தியார் மனைவி. இரண்டு வருஷமாகக் கால் அசையாத அவளுக்காகத்தான் இந்தச் சாய்தளமே. டாக்டரிடம் போவதென்றால் நாலு பேர் வந்து பீரோவைப் போல அவளைத் தூக்கி இறக்க வேண்டும். யார் கையும் படாமல் ஒரு தடவை தெருமுனை வரை போய்வர வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

முந்தின நாள் கொத்தனார் வேறு வேலைக்குப் போயிருந்த நேரத்தில் கான்கிரீட் லாரி வந்து நாற்பது கன அடியைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. தெருவிலிருந்து அழகாக ஏறிய சாய்தளம், வாசலுக்கு ஆறடி முன்னால் மொட்டையாக நின்றது.

“நான் ஏற்கெனவே பாதி எடுத்துட்டேன் சார். வாசப்பக்கம் ரெண்டடி, தெருப்பக்கம் ஒண்ணுமில்ல. சராசரி ஒரு அடி. நீளம் இருபது, அகலம் நாலு. எண்பது.”

“குறுக்குவெட்டுப் பரப்புன்னு கேள்விப்பட்டிருக்கியா?”

வாத்தியார் சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமையிலும் சாக்பீஸோடு திரிகிற மனுஷன். திறந்திருந்த ஜன்னல் கதவில் எழுதினார். நீளம் இருபது, உயரம் இரண்டு, பெருக்கினால் நாற்பது, அதில் பாதி இருபது. அதை அகலம் நாலால் பெருக்க வந்த கை அப்படியே நின்றது.

எண்பது.

ஜன்னலுக்குள்ளிருந்து அவளும் பார்த்துவிட்டாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார். உள்ளங்கையால் அழுத்தித் துடைத்தார்.

“லாரிக்காரன் குறைச்சு ஊத்திட்டான்” என்றார்.

கொத்தனார் கான்கிரீட்டைச் சுற்றி அடைத்திருந்த பலகைகளைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்.

“ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்” என்று அன்று மத்தியானம் அவள் கெஞ்சினாள். “தப்பு என்னுதுதான்னு. கொத்தனார் திரும்ப வந்துடுவார்.”

“என்ன தப்பு?”

முப்பது வருஷம் பிள்ளைகள் காதைத் திருகிய கை. தன் காதுக்கா போகும்? வேறொரு கொத்தனார் வந்தார். “ஏன் சார் பாதியில நிக்குது?” என்றார். அந்தக் கேள்விக்காகவே அவரையும் அனுப்பியாயிற்று. மகள் ஒருநாள் இடைவெளியில் பலகை போட்டுப் பார்த்தாள். நாற்காலி ஏறியதும் பலகை வில்லாக வளைந்தது. “உள்ள தள்ளிடும்மா” என்றாள் அம்மா. அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை. தெரு மட்டும் வாத்தியாருக்குப் ‘பாதி சார்’ என்று பேர் வைத்தது.

அடுத்த வருஷம் கொத்தனார் குடும்பத்தோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டார். போகுமுன் ஜன்னலோரம் வந்து நின்றார். “இன்னொரு நாப்பது போதும்க்கா.”

“தெரியும் தம்பி” என்றாள்.

மகளுக்குக் கல்யாணமாயிற்று. அன்றைக்கும் அம்மாவை நாலு பேர்தான் தூக்கினார்கள். மகள் புருஷனோடு வேறு ஊருக்குப் போனாள். தூக்கிய நாலு பேரில் மூன்று பேர் ஒவ்வொருவராக வீடு மாறிப் போய்விட்டார்கள். இப்போதெல்லாம் டாக்டர்தான் வீட்டுக்கு வருகிறார். ஸ்கூட்டரைச் சாய்தளத்தில் ஏற்றி நிறுத்துகிறார்.